வில்லையும் அளவுகோலும்

கைப்பேசிக் கேமராவின் சிறு வில்லைகளைக் கணிப்பொறியே வடிவமைக்கிறது என்று கேட்டபோது எமக்குள் எழுந்த வினா ஒன்றே: எது நல்ல வில்லை என்று பொறிக்கு உரைத்தவர் யார்?

காரைக்காலில் இயற்பியல் பயிற்றும் நண்பர் ஓர் ஆய்வை எடுத்துக்காட்டினார். ஒட்டிய இரட்டை வில்லைகளை மரபணு வழிமுறையால் வடிவமைப்பது பற்றிக் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சாஸ்வதி பானர்ஜி, லட்சுமிநாராயண் ஹாஸ்ரா ஆகியோர் 2001இல் வெளியிட்டது அது. இத்தகைய முறையில் பரப்பின் வளைவு போன்றவையே மரபணுக்கள். பல வடிவங்கள் பிறக்கும். பிம்பப் பிழை மிகுந்தவை கழியும். எஞ்சியவை தம்முள் கலந்து அடுத்த தலைமுறையை ஈனும்.

ஆனால் பிழையை எடைபோடும் அளவுகோலை எழுதுபவர் மனிதரே. நிறச் சிதறலுக்கு எவ்வளவு, ஓர மங்கலுக்கு எவ்வளவு என்று அவர் நிறை வகுப்பார். நிறை மாறின் வில்லையும் மாறும். விடைத்தாள் திருத்தும் எமக்கு இது புதிதன்று. கருத்துக்கும் எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் பகுக்கும்போதே முதலிடம் யாருக்கு என்பது பாதி முடிவாகிவிடும்.

எல்லாப் பிழைகளையும் ஒருங்கே நீக்கவியலாது, ஓரத்தைச் சற்றே விட்டுக்கொடுக்கலாம் என்றார் நண்பர். யாம் இசையவில்லை. எம் குடும்பத் திருமணப் படம் ஒன்றில் ஓரத்தில் நிற்பவர் எம் பாட்டனார். முகம் மங்கல், அவருக்கு வேறு படமும் இல்லை. ஓரத்துக்கு நிறையைக் கூட்டலாகாதா என்று கேட்டோம். மையம் சற்றே மங்கும் என்றார். மங்கட்டும் என்றோம்.