பாலும் முட்டையும் வைத்தது நாங்கள்தான்



ஆடி மாதம் நெருங்குகிறது. "புற்றுக்குப் பால் ஊத்த எத்தனை மணிக்கு வரலாம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பதில் சொல்வதற்கு முன்னால், போன வருஷம் நம் கோயிலில் நடந்ததை முழுசாக எழுதிவிடலாம் என்று தொண்டர்கள் நாங்கள் முடிவு செய்தோம். பாதிப் பேருக்குப் பாதிக் கதைதான் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அன்று ஆடி வெள்ளி. காலை ஐந்தரை மணி. ரிங்லெட் பக்கம் அந்த நேரத்தில் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். நமக்கு மாலை கட்டிக் கொடுக்கும் அம்மா, வழக்கம்போல் கோயிலுக்குப் பின்னால் செம்பருத்தி பறிக்கப் போனார். கையில் டார்ச் லைட் இல்லை. திடீரென்று ஒரு சத்தம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது கையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். புறங்கையில் இரண்டு புள்ளி. செடியில், இலையின் நிறத்திலேயே ஒரு பாம்பு அசையாமல் சுருண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. நல்ல மனசோடுதான் செய்தோம், ஆனாலும் தப்பு.

ஒருத்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். ஒருத்தர் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். இன்னொருத்தர் பிளேடு எடுத்து வர ஓடினார். நல்லவேளை, அதை மட்டும் தடுத்துவிட்டோம். கீழ்த் தோட்டத்தில் மந்திரிக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார், கூப்பிடலாம் என்று காத்திருந்ததில் நாற்பது நிமிஷம் போய்விட்டது. இதற்கிடையில் பையன்கள் இரண்டு பேர் பாம்பை அடித்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள். புற்றுக்குப் பால் ஊற்றுகிற அதே நாளில்!

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வளையலைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தார்கள். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "யார் இதைக் கட்டியது?"

அப்புறம் அவர் பொறுமையாகச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். அது குழிவிரியன் வகை. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். உடம்பின் சூட்டை வைத்தே இருட்டிலும் எலியைக் கண்டுபிடித்துவிடும். அதன் விஷம் கடித்த இடத்துச் சதையைக் கெடுக்கும், ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். இறுக்கிக் கட்டினால் விஷமெல்லாம் ஒரே இடத்தில் தேங்கி, ரத்த ஓட்டமும் நின்று, அந்தக் கையே போய்விடலாம். அடித்துக் கொண்டுவந்த பாம்பைப் பற்றியும் சொன்னார்: "தூரத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்தா போதும். செத்த பாம்போட தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும், தெரியுமா?"

அம்மா பல நாள் அங்கே இருந்தார். மீண்டும் மீண்டும் ரத்தம் எடுத்து, உறைகிறதா என்று பார்த்தார்கள். விஷமுறிவு மருந்தும் ஏற்றினார்கள். முருகன் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை. மாலை கட்டுகிற விரல்கள் அவை.

பார்க்கப் போனபோது அவர் சொன்னது எங்களுக்கு இன்னும் வலிக்கிறது. "முப்பது வருஷம் கொழுந்து எடுத்தேன்ப்பா. செடிய ஒரு தட்டு தட்டிட்டுத்தான் கை விடுவோம். ஒருநாளும் ஒண்ணும் கடிச்சதில்ல. கோயில்தானேன்னு பயமில்லாம கைய விட்டுட்டேன்."

கோயிலில் பாம்பு எப்படி வந்தது? அதைத்தான் நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம்.

நம் மலையில் பாம்பு இருப்பது புதுசு இல்லை. 1929-ல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது காட்டை வெட்டித்தான் செடி நட்டார்கள். நம் தாத்தா பாட்டி வருவதற்கு முன்னாலிருந்தே அது இங்கே குடியிருக்கிறது. கேமரன் மலையின் பெயரிலேயே ஒரு பச்சைக் குழிவிரியன் உண்டு. 2004-ல்தான் ஆய்வாளர்கள் அதைத் தனி இனம் என்று எழுதினார்கள். அதற்கு வைத்த லத்தீன் பெயர் 'நெபுலாரிஸ்'. மூடுபனிக்காரன் என்று சொல்லலாம். எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஆனால் கோயில் பின்பக்கம் அது ஏன் வர வேண்டும்? புற்றடியில் ராத்திரி முழுக்க என்ன கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். உடைந்த முட்டை, கொட்டின பால், வாழைப்பழம், அன்னதானத்தில் மிஞ்சின சோறு. பாம்பு பால் குடிக்காது. அது அதன் உணவே இல்லை. ஆனால் இதையெல்லாம் எலி தின்னும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான்.

சிலர் கேட்கிறார்கள், "பினாங்கு பாம்புக் கோயில்ல மனுஷங்க பக்கத்துலயே பாம்பு இருக்கே, கடிக்கலையே?" அதுவும் குழிவிரியன் வகைதான், விஷமுள்ளதுதான். பகலில் அதிகம் அசையாது, அவ்வளவே. அதை நம்பி யாரும் கை நீட்ட வேண்டாம்.

இன்னொருத்தர், "ஊர்லேர்ந்து மருந்து வரவழைக்கலாமே" என்றார். செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு விஷம் எடுத்துத் தருகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்த மருந்து அங்கே உள்ள நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கு. இங்கே உள்ள பாம்புக்கு வேறு மருந்து. தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிப்பதை நம் ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எந்தப் பாம்பு என்று டாக்டருக்குத் தெரிவது முக்கியம்.

பாம்புக்கடியால் உலகத்தில் வருஷத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்யும் நம்மைப் போன்றவர்கள்தான்.

ஆகவே, வீட்டிலும் கோயிலிலும் இதைச் செய்யுங்கள்.

லயத்து வீட்டுச் சுவரை ஒட்டி விறகு, பழைய தகரம், பூந்தொட்டி குவிக்காதீர்கள். கதவுக்கு அடியில் சந்து இருந்தால் அடையுங்கள். கால்வாய் ஓட்டைக்கு வலை போடுங்கள். கோழிக்கூண்டுத் தீனியை ராத்திரியில் மூடி வையுங்கள். பூட்ஸைத் தட்டிவிட்டுக் கால் விடுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் வெளியே போகாதீர்கள். பூண்டு, கந்தகம் தூவிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்க வேண்டாம், அதை நம்ப முடியாது.

வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தால் பாராங்கைத் தேடாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் துணியை அடைத்துவிட்டு 999-க்கு அடியுங்கள். பொம்பாவோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துப்போகும்.

கடித்துவிட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், எதையும் பூசாதீர்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மணியைக் குறித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? காரில் போய்க்கொண்டே கும்பிடுங்கள்.

இப்போது ஆடிக்கு வருவோம். புற்றுக்குப் பால் உண்டு, ஒரு கரண்டி மட்டும். மீதிப் பாலைப் பாக்கெட்டை உடைக்காமல் எங்களிடம் கொடுங்கள். பாயாசமாக்கி உங்களுக்கே பிரசாதமாகத் தருகிறோம். முட்டை வேண்டாம். பூஜை முடிந்த அரைமணி நேரத்தில் புற்றடியைக் கழுவிச் சுத்தம் செய்வோம். நாகத்தை மதிக்கிறோம் என்றால் அதை நம் காலடிக்கு இழுக்காமல் இருப்பதும் மரியாதைதான். போன வருஷம் அடிபட்டுச் செத்த அந்தப் பாம்புக்கும் நாங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை 8 மணிக்குக் கோயிலில் கோத்தோங் ரோயோங். பூட்ஸ், கையுறை, நீளக் கம்பு கொண்டு வாருங்கள். பின்பக்கப் புதரை வெட்டுகிறோம், குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போடுகிறோம். பசியாற இட்லி சாம்பார் உண்டு.

அம்மாவும் வருகிறார். ஆடி மாலையை இந்த வருஷமும் தானே கட்டுவேன் என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் நேரமாகும். யாரும் அவசரப்படுத்த வேண்டாம், காத்திருப்போம்.