நடப்பவர்க்கும் ஓர் இடம்

டிசெம்பர்ப் பூரணை முதல் மே மாத வெசாக் பூரணை வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அக்காலத்தில் நல்லதண்ணி நோக்கிச் செல்லும் வாகனங்களால் ஹட்டன் நகர வீதி திணறுகிறது. மலைச்சரிவில் அமைந்த நகரமாதலின் வீதியை அகலமாக்குவது எளிதன்று. உள்ள இடத்தைப் பங்கிடவே விதி வேண்டும்.

1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டம் அவ்வதிகாரத்தைச் சபைகளுக்கு அளித்துள்ளது. சபை இயற்றும் உபவிதி, அங்கீகாரம் பெற்று வர்த்தமானியிற் பிரசுரமானதும் சட்டமாகின்றது. வகுப்பில் இதனைப் பாடமாகச் சொல்லும் நமக்கு, மலையகக் கடைவீதிகளில் ஒரு கேள்வி எழுகின்றது: இப்பங்கீட்டில் முதலிடம் யாருக்கு?

சம்பளத்தை அடுத்த ஞாயிறன்று அரிசியும் மாவும் வாங்கத் தோட்டத்திலிருந்து வரும் தாய்க்குக் காருமில்லை; வாகனத் தரிப்பிடமும் வேண்டியதில்லை. அவள் வேண்டுவது நடைபாதை ஒன்றே. அதன்மீது லொறி ஏறி நின்றால், தலைச்சுமையும் கைக்குழந்தையுமாக அவள் நடுவீதியில் இறங்க நேர்கின்றது. ஓரத்திற் கீரைக்கூடை வைத்தவளை எழுப்பும் விதி, அந்த லொறியையும் எழுப்ப வேண்டாமா?

தரிப்புக் கட்டணம் சபைக்கு வருவாய் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வீதியிற் கோடு வரையும் சபையார் முதற்கோட்டை அத்தாய்க்காக வரைவாராக.