கேத்தரின் மர்ஃபிக்கு ஒரு கையறுநிலை

அன்னாய், கேத்தரின் மர்ஃபி! களத்தில் பட்டவனுக்குக் கல் நடுவர். வாரி வழங்கியவன் மாய்ந்தால் பாணர் யாழ் மறந்து அழுவர். அரசனின் காசைக் கள்ளமாய்ச் செய்தாய் என்று எரியில் இடப்பட்ட நினக்கு நடுவது எக்கல்? அழுவது எவ்வாய்? இருநூறு ஆண்டு கழிந்து, கடல் கடந்த தமிழ் அழுகிறது, ஏற்றுக்கொள்வாயாக.

1789 மார்ச் 18. லண்டனில் நியூகேட் சிறையின் வாயில். ஆடவரை முதலில் தூக்கிலிட்டனர். அவருள் ஒருவன் நின் கொழுநன். தொங்கும் அவ்வுடல்களைக் கடந்தே நின்னை நடத்திவந்தனர். எவ்வாறு நடந்தனையோ! ஓரடி உயரமும் ஒரு சாணைச் சற்றே மிஞ்சிய அகலமும் உள்ள மணை. அதன்மேல் நிறுத்திக் கழுத்தில் கயிறிட்டுக் கம்பத்தோடு பிணித்தனர். நீ தொழுது முடித்தாய். மணையைப் பறித்தனர். உயிர் நீங்கிய பின்னரே தீயிட்டனர். அதுவும் நகர ஷெரீஃப் பெஞ்சமின் ஹாமெட் காட்டிய இரக்கம். சட்டத்தின் எழுத்து உயிரோடு எரிக்கவே சொன்னது.

கள்ளக்காசு அரசத்துரோகம் என்றது 1351-ஆம் ஆண்டின் சட்டம். ஆணுக்குக் கயிறு, பெண்ணுக்குத் தீ. துரோகியான ஆணைக் கீறிக் கூறிடுவதுபோல் பெண்ணுடலை ஊர்முன் கீறுதல் நாணத்துக்கு ஒவ்வாது, ஆதலின் எரிக்கின்றோம் என்று காரணம் எழுதிவைத்தார் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன். அந்த நாணம் எரிந்துபோகாததுதான் கொடிது.

காசு அடித்தல் வேந்தன் கடன். அக்கடனை ஆற்றாது கிடந்தது அவன் அக்கசாலை. பல பதிற்றாண்டுகளாக அங்கே வெள்ளி அச்சேறியது மிகச் சிறிது. காசாய் இருப்பதைவிட உருக்கி விற்றால் வெள்ளிக்கு விலை மிகுதி; நல்ல ஷில்லிங் என்னும் வெள்ளிக்காசுகள் மூசையில் வீழ்ந்தன, கிழக்கு நோக்கிக் கப்பலேறின. எஞ்சியவை தேய்ந்து, அரசன் தலையும் எழுத்தும் அழிந்து, வழுவழுத்த தகடுகளாய்ப் புழங்கின. கூலி கொடுக்கவும் ரொட்டிக்கடையில் மீதி வாங்கவும் அவையே கதி. 1787-ல் புதிய ஷில்லிங் அடித்தனர். இங்கிலாந்து வங்கி அதைத் தன் வாடிக்கையாளருக்கு வழங்கியது. தெருவுக்குச் சில்லறைப் பஞ்சம் தீரவில்லை. வெற்றுத் தகடே காசாய்ச் செல்லும் ஊரில், வெற்றுத் தகடு செய்தல் அரிதோ?

அத்தொழிலில் வல்ல கைகள் லண்டனில் பல இருந்தன. செம்போடு சிறிது வெள்ளி சேர்த்து உருக்கித் தகடாக்குவர், வட்டமாய் வெட்டுவர், திராவகத்தில் இடுவர். மேற்புறத்துச் செம்பைத் திராவகம் தின்ன, வெள்ளி வெளுத்துத் தோன்றும். தக்கையும் மணலும் கொண்டு தேய்ப்பர். புதிதாய் மின்னினால் கடைக்காரன் ஐயுறுவான் அன்றோ? ஆதலின் முடிவில் கரி தடவி அழுக்கேற்றுவர். பல கைகள் பட்டுத் தேய்ந்த முதுமையை ஒரு பொழுதில் வருவிக்கும் திறம் அது! நேரிய பட்டறை ஒன்று அக்கைகளுக்கு வாய்த்திலதே!

நினக்கு முன் ஃபீபி ஹாரிஸ், 1786-ல். மார்கரெட் சல்லிவன், 1788-ல். அவர்க்கும் கள்ளக்காசே குற்றம். அவர்க்கும் நியூகேட் வாயிலே சுடலை. மூவர் பெயரையும் ஒருங்கே சொல்லி அழுவதன்றி வேறென் செய்வேன்?

நீ மாய்ந்த அடுத்த ஆண்டே ஹாமெட் நாடாளுமன்றத்தில் எழுந்து, பெண்டிரை எரிக்கும் தண்டனையை ஒழிக்க வேண்டினார்; 1790-ல் அது ஒழிந்தது. நின் பின் எப்பெண்ணும் அத்தீயைக் கண்டிலள். கள்ளக்காசுக்குத் தூக்கோ 1832 வரை நீங்கவில்லை. 1816-லேதான், டவர் ஹில்லின் புதிய அக்கசாலையில் நீராவிப் பொறிகள் வெள்ளிச் சில்லறையைக் குவியல் குவியலாய் அடிக்கத் தொடங்கின. அன்னாய், 27 ஆண்டு முன்னரே அவ்வுலை மூண்டிருந்தால், நியூகேட் வாயிலில் நின் விறகு மூண்டிருக்குமோ?