மலையோடை மீனும் அறுபதாண்டுக் கடனும்



என் மூத்த சகோதரியின் மகன் நியூசிலாந்தில் பணிபுரிகிறான். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஆனைமலைக்கு வருவான். இவ்வாண்டு பெருநாளுக்கு வருவதாகத் தெரிவித்த கையோடு, ஒரு விருப்பத்தையும் சொன்னான். “மாமா, பங்குனி வெயில் ஏறுறதுக்குள்ள மலைக்குப் போய் ட்ரவுட் மீன் பிடிக்கலாம். தூண்டில் எல்லாம் நானே கொண்டு வர்றேன். நன்னாவையும் கூட்டிட்டுப் போகணும்” என்றான்.

குடும்பத்துடன் மலைக்குச் செல்வது நம் ஊரில் புதிதன்று. வீட்டு வாசலில் நின்றாலே மலை தெரிகிறது. ஆயினும், மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் என்னைப் போன்றவன் தூண்டிலோடு ஓடைக்கரையில் நிற்பதை எண்ணிச் சற்றே கூச்சம் கொண்டேன். அத்தாவிடம் சொன்னால் சிரித்துவிட்டுத் தட்டிக்கழித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவருக்கு வயது 78. ட்ரவுட் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கையிலிருந்த தஸ்பீஹ் நின்றுவிட்டது. “அந்த மீனை நான் தின்னதில்லை. ஆனா பிடிச்சிருக்கேன்” என்றார். அதன்பின் அன்றிரவு வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

இஷாவுக்குப் பின் சொன்னார். அவருக்குப் பதினாறு வயது. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் எடுபிடி வேலை. துரை ஆண்டுக்கு ஓரிரு முறை புல்மலைக்கு மீன் பிடிக்கப் போவார். கோணலாற்றங்கரையில் தோட்டக்காரர்கள் கட்டிவைத்த ஒரு குடிசை உண்டு. தேநீர்க் கூசாவையும் மீன்கூடையையும் சுமந்துகொண்டு அத்தாவும் உடன் போவார். ஓடையில் விடப்பட்டிருந்த மீன் துரைமார்களுக்கு உரியது; பணியாளர் எவரும் தொடக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

அந்த முறை, ஊரில் அவருடைய தாயார், அதாவது என் ராதிமா, பல வாரக் காய்ச்சலில் கிடந்தார். உணவு இறங்கவில்லை, மீன் ஆணம் என்றால் ஒரு வாய் உண்பேன் என்று சொல்லியிருந்தார். துரை உறங்கிய நேரத்தில், அவர் எறிந்திருந்த ஓர் இறகுத் தூண்டிலை நூலில் கட்டி, மூங்கில் குச்சியில் முடிந்து, அத்தா ஒரு மீனைப் பிடித்துவிட்டார். ஒன்றரைச் சாண் நீளம். இலையில் சுற்றிக் கூடையின் அடியில் மறைத்து, மறுநாள் விடுப்புக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். “ஏதுடா இந்த மீன்?” என்று ராதிமா கேட்டார். “துரை கொடுத்தார்” என்று அத்தா சொன்னார்.

ராதிமா அன்று இரண்டு வாய் அதிகம் உண்டார். உண்டுவிட்டுக் கையேந்தி, அந்தத் துரைக்கு அல்லாஹ் நல்வழியும் நல்வாழ்வும் தரவேண்டும் என்று துஆச் செய்தார். மூன்று மாதத்தில் அவர் வஃபாத்தாகிவிட்டார். துரை பின்னர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். “உம்மா எனக்குக் கேட்ட துஆவெல்லாம் மறந்துபோச்சு. அந்தத் துஆ மட்டும் மறக்கலை. நான் பொய் சொல்லி வாங்கின துஆ அது” என்றார் அத்தா.

என் தந்தை தம் வாழ்நாளில் எவருடைய காசையும் தொடாதவர். எடைக்கல்லில் ஒரு மாற்றுக் குறைந்தாலும் கடைக்காரரிடம் திரும்பிச் சென்று கூடுதல் பொருளைக் கொடுத்துவிட்டு வருபவர். அந்தப் பேணுதலுக்குப் பின்னால் ஒரு மீன் இருந்தது என்பதை நாற்பத்தைந்து வயதில்தான் அறிந்தேன்.

நான் முஃப்தி அல்லன். பட்டயப் படிப்பு முடித்தவன் மட்டுமே. எனவே இந்த விவகாரத்தை என் உஸ்தாதிடம் கொண்டுசென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை மூன்றாகப் பிரித்தார்.

முதலாவது, மீன். நம் ஹனஃபி ஃபிக்ஹின்படி ஓடும் ஆற்றிலுள்ள மீன், பிடிக்கப்படும் வரை எவருக்கும் உடைமையன்று. மீனுக்கென்றே அமைத்து அடைத்துவைத்த குளத்து மீனின் சட்டம் வேறு. மலையோடையில் விடப்பட்டு, அங்கேயே பெருகித் திரிந்த மீனைத் திருட்டுப் பொருள் என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

இரண்டாவது, அமானிதம். சம்பளம் பெறும் பணியாள், எஜமானர் தடுத்ததை மறைவாகச் செய்தது நம்பிக்கை மீறலாகும். உரியவரோ அவருடைய வாரிசுகளோ கிடைக்காத நிலையில், அந்த மீனின் மதிப்பை அவர் சார்பாக ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது பேணுதல்.

மூன்றாவது, பொய். அது அல்லாஹ்விடம் தவ்பாச் செய்ய வேண்டிய காரியம். தாயின் பெயரால் ஸதகாவும் துஆவும் செய்துகொண்டிருக்க வேண்டும். “ஒரு தாய் நன்றியோடு ஏந்திய கையை அல்லாஹ் வெறுங்கையாகத் திருப்பியிருக்க மாட்டான் என்று உங்கள் தந்தைக்குச் சொல்லுங்கள்” என்று முடித்தார்.

இதை நான் சொன்னபோது அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாளே, ஒரு நல்ல மீனின் விலையைப் போலப் பல மடங்கை எடுத்துக் கொடுத்தார். பின்பு கேட்டார்: “சரி, எப்பப் போறோம்?”

இனி, பயணத் திட்டம்.

முதலில் கோணலாற்றையே எண்ணினோம். ஆனால் புல்மலை இன்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதி. 2007இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில் நினைத்தபடி நுழையவோ மீன் பிடிக்கவோ இயலாது. அடுத்து, மலைக்கு அப்பாலுள்ள மூணாறு. அங்கும் தோட்டக்காரர்கள் ட்ரவுட்டை வளர்த்தார்கள். ஆனால் அதையொட்டிய இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படுகிறது. ஈன்ற விலங்குக்காக ஒரு மலையே அடைத்துவைக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, தாய்ப்பறவையிடமிருந்து குஞ்சுகளை எடுத்துவந்த தோழர்களிடம் அவற்றைத் திருப்பிக் கொண்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை ஒரு மாணவியே நினைவுபடுத்தினாள்.

எஞ்சியது நீலகிரி. ட்ரவுட் நம் நாட்டு மீன் அன்று. நாம் இங்கே காணும் வானவில் ட்ரவுட்டின் பூர்வீகம் பசிபிக் பெருங்கடலையொட்டிய வட அமெரிக்க ஆறுகள். குளிர்ந்த, தெளிந்த, ஓட்டமுள்ள நீரில்தான் அது வாழும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கிவிடும். ஆகவேதான் ஆழியாற்றில் ஜிலேபிக் கெண்டை கிடைக்கிறது, ட்ரவுட் கிடைப்பதில்லை. 1860களில் ஃபிரான்சிஸ் டே என்னும் ஆங்கில மருத்துவர் இதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் என்பவரின் முயற்சி வென்றது. 1907இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. அது இன்றும் மீன்வளத்துறையின் வசம் உள்ளது. எனவே அவலாஞ்சி என்று முடிவு செய்தோம்.

அடுத்தது, நாள். இவ்வாண்டு ரமழான் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரத்தில் நிறைவுறுகிறது. இளவேனிலின் தொடக்கம் முழுவதும் நோன்புக்கே உரியது. பெருநாளின் விருந்துகள் முடிந்தபின், மார்ச் கடைசி வாரத்தில் புறப்படுவோம், இன்ஷா அல்லாஹ். தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். ஓடை கலங்காமல் தெளிந்திருக்கும். ஷவ்வாலின் ஆறு நோன்புகளைத் திரும்பிவந்து நோற்றுக்கொள்ள நாள் இருக்கிறது.

பயணத் தொழுகை குறித்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் வழியாக உதகை 130 கிலோமீட்டருக்கு மேல். ஹனஃபி அறிஞர்கள் கணக்கிடும் 48 மைலை, அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டரை, இது தாண்டுவதால் ஊர் எல்லையைக் கடந்ததும் நான்கு ரக்அத் ஃபர்ளுகள் இரண்டாகும். நம் ஊரிலிருந்து வால்பாறைக்குச் சென்றுவந்தால் இந்தச் சலுகை கிடையாது, தூரம் குறைவு. அத்தாவுக்குத் தோல் காலுறை வாங்கியாயிற்று. முழு உளூவுடன் அணிந்துகொண்டால், பயணி மூன்று பகல் மூன்று இரவு அதன்மீது மஸஹ் செய்யலாம். அவலாஞ்சியின் விடியற்காலைத் தண்ணீரை எண்ணும்போது இந்தச் சலுகையின் அருமை விளங்குகிறது. நீலகிரிக்குச் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதையும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை என்பதையும் செல்வோர் நினைவில் கொள்க.

இனித் தூண்டில். மருமகன் காணொளியில் காட்டினான். கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, பார்வைக்கு ஒரு சிற்றீயைப் போலச் செய்திருக்கிறார்கள். ஈக்கு எடையே இல்லை. ஆகவே கனமான கயிற்றையே சாட்டைபோல் சுழற்றி, ஈ நீர்மேல் மெல்ல இறங்கும்படி விடுகிறார்கள். உயிருள்ள புழுவையும் தவளையையும் கொக்கியில் கோப்பது வெறுக்கத்தக்கது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். அந்த வகையில் இந்த இறகு ஈ எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காத ஒன்றும் இருந்தது. “பிடிச்சுட்டுத் திரும்ப விட்டுடுவோம் மாமா. அதுதான் அங்கே பழக்கம்” என்றான். அவன் இரக்கத்தோடுதான் சொன்னான். ஆயினும், உண்ணும் எண்ணமே இன்றி, வாயில் கொக்கி மாட்டி இழுத்து மகிழ்வதற்காக மட்டும் ஓர் உயிரைத் துன்புறுத்தலாமா? உயிருள்ளதைக் குறிப்பலகையாக வைத்து எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நீர்வேட்டையை அல்லாஹ் நமக்கும் வழிப்போக்கர்களுக்கும் உணவாக ஆகுமாக்கினான். அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனத்தின் கருத்து அதுவே. ஆகவே எங்களுக்குள் இப்படி முடிவு செய்தோம்: ஆளுக்கு ஒரு மீன், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உட்பட்டு, உண்பதற்காக மட்டும். சிறு மீன் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு விரைவாக விட்டுவிடுவது. அது தேடிச் செய்த விளையாட்டன்று. பிடித்த மீனைத் துடிக்க விடாமல் உடனே கொன்றுவிடுவது. மீனுக்கு அறுப்பு நிபந்தனையில்லை. எனினும் வேதனையைக் குறைப்பது நம் கடமை. தானாகச் செத்து வயிறு மேலாக மிதக்கும் மீனை ஹனஃபிகள் உண்பதில்லை என்பதையும் மருமகனுக்கு நினைவூட்டினேன்.

இன்னுமொன்று உறுதி செய்துகொண்டோம். உதகை மீன்வளத்துறை அலுவலகத்தில் உரிமச் சீட்டுக் கிடைத்தால் மட்டுமே தூண்டில் உறையிலிருந்து வெளியே வரும். இல்லையென்றால் பொரிப்பகத்தைப் பார்த்துவிட்டு, ஓடைக்கரையில் அமர்ந்து, கொண்டுபோன சோற்றை உண்டு, ளுஹர் தொழுது திரும்புவோம். அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு வருவதா என்று என் மகன் முகம் வாடினான். அவனுக்கு அல்மாயிதாவின் 94ஆம் வசனத்தை விளக்கினேன். நம்பிக்கையாளர்களை, கைகளும் ஈட்டிகளும் எட்டும் தொலைவிலேயே வேட்டைப்பொருளை வைத்துச் சோதிப்பதாக அல்லாஹ் கூறுகிறான். மறைவில் யார் தன்னை அஞ்சுகிறார் என்பதை வெளிப்படுத்தவே அந்தச் சோதனை. இஹ்ராமில் இருப்போருக்குச் சொல்லப்பட்டதாயினும், அதன் பாடம் நம் எல்லோருக்கும் உரியது. எட்டாத பொருளை விட்டுவிடுவதில் பெருமையில்லை. கைக்கு எட்டும்போது, எவரும் பார்க்காதபோது விடுவதே தக்வா.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தா திண்ணையில் அமர்ந்திருந்தார். பேரனுக்குப் பாடம் நடத்தும்போது தம் கதையை நான் தொட்டுவிடக் கூடாதே என்று அவர் அஞ்சியிருக்கலாம். நான் தொடவில்லை. ஆனால் அவரே பேரனை அருகில் அழைத்தார். மீனைப் பிடித்ததையும், பொய் சொன்னதையும், ராதிமாவின் துஆவையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பதினான்கு வயதுப் பிள்ளை ஆடாமல் அசையாமல் கேட்டான். முப்பதாண்டுகளாக நான் மதரஸாவில் படித்ததும் கற்பித்ததும் அந்தப் பத்து நிமிடங்களுக்கு ஈடாகுமா என்று எனக்குத் தோன்றியது.

பெற்றோரே, நம் பிள்ளைகளிடம் நம் நன்மைகளை மட்டுமே சொல்கிறோம். மறைக்கப்பட்ட பாவத்தைப் பறைசாற்றுவது மார்க்கம் விரும்பாத ஒன்றுதான். எனினும், பெருமைக்காக அன்றி, பிள்ளை அதே பள்ளத்தில் விழாதிருக்கவேண்டும் என்ற கவலையுடன் ஒரு முதியவர் தாம் வருந்தித் திருந்திய பிழையைச் சொல்லும்போது, அது இளம் நெஞ்சில் ஆழமாகப் பதிகிறது. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதில் அல்லாஹ் நமக்குத் தெளிவைத் தருவானாக.

நேற்று மருமகன் மீண்டும் அழைத்தான். யார் யாருக்கு உரிமம் வாங்கவேண்டும் என்று கேட்டான். நான் என் பெயரையும் மகனின் பெயரையும் சொன்னேன். அத்தா கைப்பேசியைக் கேட்டு வாங்கினார்.

“எனக்கும் ஒரு சீட்டு வாங்குப்பா” என்றார்.

“நன்னா, நீங்களும் தூண்டில் போடப்போறீங்களா?” என்று அவன் மகிழ்ந்தான்.

“இந்த வயசுல எனக்கெதுக்குத் தூண்டில்? நீங்க பிடிங்க, நான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். சீட்டு மட்டும் என் பேர்ல இருக்கட்டும்.”

எங்கள் பயணம் இலகுவாகவும், என் தந்தையின் உடல்நலம் அதற்கு இடம்தருவதாகவும் அமைய துஆச் செய்யுங்கள். வல்ல ரஹ்மான் நம் அனைவரின் மறைவான பிழைகளையும் மன்னித்து, மரணத்திற்கு முன்பே மனிதர்களின் ஹக்குகளை நிறைவேற்றும் நற்பேற்றைத் தந்தருள்வானாக. ஆமீன்.