இருண்ட திரையும் எங்கள் அவசரத் தீர்ப்பும்



சென்ற ஆடி மாதத்தில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். கணினி ஒன்று இயங்காமற் போனதும், அல்லாஹ்வின் அருளால் அன்றிரவே மீண்டும் இயங்கியதும்தான் அச்சம்பவம். சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். எங்களைப்போல் பழைய கணினியை வைத்துக்கொண்டு சமாளிக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு இது பயன்படும். அன்றிரவு நாங்கள் செய்த தவறு ஒன்றையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளாத்திகுளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது 2014-ஆம் ஆண்டில் உதிரிபாகங்களை வாங்கிப் பூட்டிய மேசைக் கணினி. பிள்ளைகளின் பாடங்கள், கல்லூரி விண்ணப்பங்கள், வத்தல் வியாபாரத்தின் வரவு செலவு ஆகிய யாவும் அதில்தான் இருக்கின்றன. அவற்றைவிட மேலான ஒன்றும் அதில் இருந்தது. எங்கள் இருவருள் ஒருவருக்கு அத்தாவாகவும் மற்றவருக்கு மாமாவாகவும் இருந்த மர்ஹூம் பெரியவர், தமது இறுதி ரமளானில் அந்தக் கணினியின் முன் அமர்ந்து, யாசீன் சூராவை ஓதி, தமக்குத் தெரிந்த முன்னோர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். சுமார் நாற்பது நிமிட ஒலிப்பதிவு. அடுத்த ரமளானுக்கு அவர் இல்லை. அந்தப் பதிவை வேறெங்கும் பிரதியெடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெருநாளன்றும் பேசுவோம், எடுத்து வைத்ததில்லை.

கணினியில் இருந்தது 4 ஜி.பி. நினைவகம், அதாவது நாம் ரேம் என்று சொல்வது. அக்காலத்தில் அது தாராளம். இன்று இணையப் பக்கம் நான்கைத் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. புதிய கணினிக்குச் செலவழிப்பதைவிட, இன்னொரு 4 ஜி.பி. ரேம் போடலாம் என்று மகன் சொன்னான். வாங்குமுன் வகையைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவனே சொன்னான். மேசைக் கணினிக்கான டி.டி.ஆர்.3 பட்டையில் 240 தொடுமுனைகள், டி.டி.ஆர்.4 பட்டையில் 288. ஒன்றுக்கு 1.5 வோல்ட் மின்னழுத்தம், மற்றதற்கு 1.2 வோல்ட். கீழ் விளிம்பில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருக இயலாது. வலிந்து அழுத்தினால் உடையும். விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படாது என்பதும் கவனிக்கத்தக்கது. எங்களுடையது 64 பிட். ஆகவே கோவில்பட்டிக்குச் சென்றபோது ஒரு கடையில் டி.டி.ஆர்.3 ரேம் ஒன்றை வாங்கி வந்தோம்.

மகன் டியூஷனுக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருக்கலாம், காத்திருக்கவில்லை. மக்ரிபு தொழுதுவிட்டு நாங்களே பெட்டியைத் திறந்தோம். ஒருவர் கைப்பேசி வெளிச்சம் காட்ட, மற்றவர் பழைய ரேமைக் கழற்றினார். புதியதையும் அதையும் அருகருகே வைத்து, வெட்டு ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, இரண்டையும் செருகினோம். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அழுத்தினோம்.

மின்விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருண்டே இருந்தது. உள்ளிருந்து நீண்டதொரு ஒலி, சற்று இடைவெளி, மீண்டும் அதே நீண்ட ஒலி. இரண்டு மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டோம். மாற்றமில்லை.

அடுத்த பத்து நிமிடங்களில் நாங்கள் பேசியவற்றை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடைக்காரர் பழுதான சரக்கைத் தள்ளிவிட்டார் என்று ஒருவர் சொல்ல, நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றார் மற்றவர். அவரைத் தொலைபேசியில் அழைத்து நாலு வார்த்தை கேட்பதென்று முடிவாயிற்று; நல்லவேளை, கடை மூடும் நேரமாகிவிட்டதால் அழைப்பு எடுக்கப்படவில்லை. அதற்குள் மகன் வந்து சேர்ந்தான். அவன் செருப்பைக் கழற்றுமுன்பே, “போன வாரம் பெட்டியைத் திறந்து தூசி தட்டுகிறேன் என்று உட்கார்ந்தாயே, அப்போது எதையோ கெடுத்துவிட்டாய்” என்றோம். தூசி தட்டிய பிறகு ஒரு வாரம் முழுவதும் கணினி ஓடியது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தே சொன்னோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. முகம் சுருங்கிப்போய் நின்றான்.

சின்னவள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “நினைவகம் கெட்டுப்போனால் நன்னாவின் குரலும் போய்விடுமா?”

கூடத்தில் யாரும் பேசவில்லை. கணினி வேண்டுமானால் இன்னொன்று வாங்கலாம். அந்தக் குரலை எங்கே வாங்குவது?

மகன்தான் பதில் சொன்னான். “போகாது. ரேமில் நன்னாவின் குரல் இல்லை. ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது.” தங்கைக்குப் புரியும்படி அவன் விளக்கியதைக் கேட்டு நாங்களும் தெளிந்தோம். ஹார்டு டிஸ்க் என்பது அலமாரி. மின்சாரம் போனாலும் வைத்தது அங்கேயே இருக்கும். ரேம் என்பது வேலை செய்யும் மேசை. வேலை நடக்கும்போது மட்டும் பொருள்களை எடுத்துப் பரப்பிக்கொள்ளும் இடம். மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். மின்சாரம் இருக்கும்போதும் ரேமில் எழுதியது தானாக நிலைப்பதில்லை. அதன் நுண்ணிய கலங்களில் தேங்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், சாதாரணமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாக் கலங்களையும் புதுப்பித்தாக வேண்டும். மனனம் செய்த குர்ஆனை ஹாபிழ்கள் விடாமல் திருப்பித் திருப்பி ஓதிவருவது எங்கள் நினைவுக்கு வந்தது.

பிறகு அவன் சொன்னான்: “நேற்றுவரை ஓடிய கணினி. கடைசியாகச் செய்தது என்ன? ரேம் போட்டது. அதை மட்டும் ஒவ்வொரு படியாகத் திருப்பிப் பார்ப்போம்.”

இஷா தொழுதுவிட்டு அமர்ந்தோம். முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, எஞ்சியிருக்கும் மின்சாரம் வடியும்படி பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினான். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும் என்பதால் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொண்டான். அந்த நீண்ட ஒலி எதைக் குறிக்கிறது என்று தாய்ப்பலகையின் கையேட்டில் தேடினான். கணினி விழித்தெழும்போது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. திரையில் காட்ட இயலாத பழுதை ஒலியால் அறிவிக்கிறது. இந்த ஒலிகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். எங்கள் கணினியில் அது ரேமை அடையாளம் காண இயலவில்லை என்று பொருள்.

புதிய ரேமை எடுத்துவிட்டு, பழையதை மட்டும் அதன் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தான். இயங்கவில்லை. எங்களுக்குப் பகீரென்றது. அவன் வெளிச்சம் பிடித்துக் குனிந்து பார்த்துவிட்டு எங்களை அழைத்துக் காட்டினான். ஒரு முனையில் கொக்கி மாட்டியிருந்தது. மறுமுனையில் மயிரிழை அளவு எழும்பி நின்றது. இரு முனைகளிலும் பெருவிரலை வைத்துச் சீராக அழுத்தினான். டக்கென்று ஓர் ஒலி. நாங்கள் செருகியபோது அந்த ஒலியைக் கேட்டோமா என்று எங்களுக்கே நினைவில்லை. பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இதோடு போதும், மூடிவிடலாம் என்றோம். அவன் சம்மதிக்கவில்லை. முதற்காரியமாக நன்னாவின் பதிவை ஒரு பென்டிரைவில் பிரதியெடுத்தான். அதன்பின் கணினியை அணைத்து, புதிய ரேமை மட்டும் முதல் செருகுவாயில் வைத்தான். இயங்கியது. அப்படியானால் கடைக்காரர் தந்தது நல்ல சரக்கு. அதே ரேமை இரண்டாம் செருகுவாய்க்கு மாற்றினான். மீண்டும் அந்த நீண்ட ஒலி. சில தாய்ப்பலகைகள் இரண்டாம் வாயில் மட்டும் தனியாக ஒன்றை ஏற்பதில்லை. எங்களுடையது ஏற்கும் என்று கையேடு சொன்னது. ஆக, குறை அந்தச் செருகுவாயில்தான்.

உற்றுப் பார்த்தால், உள்ளே கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. சுற்றிலும் கரிசல் காடு. ஆடிக் காற்றில் மண் எழும்பும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பகுதி இது. வாங்கிய நாள்முதல் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் திறந்தே கிடந்த அந்த வாயில் ஆண்டுக்கணக்கான தூசி இறங்கியிருந்தது. மகன் போன வாரம் தட்டியது மின்விசிறித் தூசியை மட்டுமே. புதிய, ஈரமில்லாத, மென்மையான தூரிகையால் மெல்லத் துடைத்தெடுத்தான். ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிப்பானால் இலேசாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த துணியால் அகற்றினான். வாயால் ஊத முயன்றபோது எங்களைத் தடுத்தான். ஊதினால் எச்சிலின் ஈரம் படியுமாம்.

மறுபடி செருகினான். இரு பக்கமும் டக்கென்று மாட்டியது. இயங்கியது. பின்பு இரண்டு ரேமையும் சேர்த்து வைத்தான். திரையில் 8 ஜி.பி. என்று காட்டியது.

ஒரு சிறு வேலை மீதமிருந்தது. தேதி 2014-க்குப் போயிருந்ததால் இணையப் பக்கங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி மறுத்தன. மின்செருகியைப் பிடுங்கியபோது கடிகாரத்தை ஓடவைக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தது தெரியவந்தது. சி.ஆர்.2032 என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும், மறுநாள் மாற்றினோம். விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையையும் ஓடவிட்டோம். பிழை ஏதும் காட்டவில்லை.

அன்றிரவு படுக்கச் செல்லுமுன் சின்னவள் கேட்டதற்கிணங்க ஒலிப்பதிவை ஓடவிட்டோம். முதலில் தொண்டையைச் செருமும் ஓசை. பிறகு அந்தக் குரல். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

பதிவு முடிந்ததும் மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். பெற்றோர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் அரிது. எங்களுக்கும் வார்த்தை எளிதில் வரவில்லை. “நீ செய்யாததை உன்மீது போட்டோம், மன்னித்துவிடு” என்று சொல்லி முடித்தபோது அவன் கூச்சத்தோடு, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டுப் பேச்சை மாற்றினான். கடைக்காரரை நாங்கள் திட்டியதை அவர் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அவரைக் குறித்து நாங்கள் பேசியது பேசியதுதான். பிறரைப் பற்றிய ஊகத்தை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். எங்கள் கைகளால் அரைகுறையாகச் செருகிய ஒரு பொருளுக்காக இரண்டு பேர்மீது பழி சுமத்த எங்களுக்குப் பத்து நிமிடங்கள் போதுமாயிருந்தன. கடைசியாகத் தொட்டவர்கள் நாங்கள்தாம் என்பது மட்டும் அப்போது தோன்றவே இல்லை.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினிகள் இன்றும் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. அவற்றிலும் ரேம் கூட்ட இயலுமா என்று பார்க்கலாம்; மடிக்கணினிக்குரிய ரேம் அளவில் சிறியது, டி.டி.ஆர்.3 வகையில் 204 முனைகள் கொண்டது. மடிக்கணினியில் மின்கலத்தையும் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். எதுவாயினும், பெட்டியைத் திறக்குமுன் உங்களுக்கு அருமையான குரல்களையும் படங்களையும் வேறிடத்தில் பிரதியெடுத்து வையுங்கள். பெருநாள்தோறும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். எங்கள் பெரியவரின் பதிவு இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது.

அன்னாரின் மறுமை வாழ்வுக்காக உங்கள் துஆக்களில் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.