கொல்லைப்புறத்தின் ஏழு சகோதரிகள்

மைசூருவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குண்டலுபேட்டை. 1997-ஆம் ஆண்டு வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. உதகமண்டலத்திற்குச் செல்லும் சாலையும், வயநாடு வழியாகக் கோழிக்கோட்டிற்குச் செல்லும் சாலையும் இங்கேதான் பிரிகின்றன. மழைக்காலத்தில் சாலையோர வயல்களில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்து நிற்கும். பெங்களூரிலிருந்து வரும் குடும்பங்கள் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, பந்திப்பூர் காட்டை நோக்கி விரைகின்றன. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்க்கப்பட்ட காடு அது. புலி தென்பட்டால் மகிழ்ச்சி. தென்படாவிட்டால், செலவழித்த பணத்தை எண்ணித் துக்கம்.

இவ்வூரில் செலவின்றிக் கிடைக்கும் மகிழ்ச்சி ஒன்று உண்டு. அதைக் காணக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டின் பின்கதவைத் திறந்தால் போதும்.

தவிட்டுக்குருவியை நாம் எல்லாரும் அறிவோம். தவிட்டு நிற உடல், மஞ்சள் அலகு, கோபித்துப் பார்ப்பதுபோன்ற வெளிறிய கண்கள். அழகில்லாத பறவை என்றே பலரும் சொல்லுவர். ஆனால் அது ஒருபோதும் தனியே வருவதில்லை. ஆறு முதல் பத்துப் பறவைகள் வரை கூட்டமாகத் தரையில் தத்தித் தத்தி வந்து, சருகுகளைப் புரட்டிப் பூச்சிகளைத் தேடும். மற்றவை மேயும்போது ஒன்று கிளையில் அமர்ந்து காவல் காக்கும். இரவில் ஒரே கிளையில் நெருக்கியடித்து உறங்கும். ஆங்கிலேயர் இவற்றை ஏழு சகோதரிகள் என்றனர். வடநாட்டார் ஏழு சகோதரர் என்கின்றனர். ஓயாத கூச்சலைக் கேட்ட கன்னடர் வைத்த பெயரோ ‘ஹரட்டெமல்ல’, அதாவது அரட்டை மல்லன்!

இவ்வூரில் நான் சந்தித்த தாயார் ஒருவர், கணவரை இழந்தபின் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகனோடு வாழ வந்தவர். கன்னடம் அறியார். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் மாலைவரை பேச ஆளில்லை. “பாஸ்டர் ஐயா, எங்க ஊரு வேலியில திரியுற அதே குருவிதான். இதுகளுக்கு மட்டும் பாஷை மாறல” என்றார். துணி துவைக்கும் கல்லருகே நாள்தோறும் வரும் கூட்டத்தை அவர் எண்ணி வைத்திருந்தார், ஒன்பது. ஒருநாள் எட்டுதான் வந்தன. மனம் பொறாமல் வேலியோரம் தேடிக்கொண்டிருந்தவரை, அடுத்த வீட்டுக் கன்னடப் பெண்மணி என்னவென்று சைகையால் வினவினார். அன்றுதான் ‘ஹரட்டெமல்ல’ என்ற சொல்லைத் தாயார் கற்றுக்கொண்டார். ஒன்பதாவது பறவை திரும்பவேயில்லை. ஆனால் இப்போது இரண்டு பெண்கள் வேலிக்கு இருபுறமும் நின்று எண்ணுகிறார்கள்.

எளிய இப்பறவையைக் கற்றறிந்தோரும் கவனித்திருக்கின்றனர். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை இதே பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 2024-இல் மறைந்த அவர், தவிட்டுக்குருவியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சுடலைக்குயில் தன் முட்டையை இப்பறவையின் கூட்டில் இட்டுச் சென்றுவிடும். அக்குயிலின் குஞ்சைக் கூட்டமே சேர்ந்து பேணுவதைக் குறித்து, அவரும் பரமானந்தம் என்பவரும் எழுதிய கட்டுரை 1982-இல் வெளியாயிற்று. தன் குஞ்சையும் ஒரு தாய் மட்டும் வளர்ப்பதில்லை. கூட்டத்தின் மற்றப் பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. பிள்ளை வளர்ப்பில் கைகொடுக்க உறவினர் அருகில் இல்லையே என்று நகரத்தில் தவிக்கும் நம் குடும்பங்கள் இதைச் சற்றே நின்று பார்க்கலாமே!

ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கும்படி ஆண்டவர் சொன்னது, உணவுக்கும் உடைக்கும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த மக்களுக்குத்தான். விடுமுறை வரட்டும், பணம் சேரட்டும் என்று சந்தோஷத்தைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கும் அச்சொல் பொருந்தும்.

உங்கள் வீட்டைச் சுற்றிக் கையளவு மண் இருந்தால், அதைச் சிமெண்டால் மூடிவிடாதீர்கள். உதிர்ந்த சருகுகளைக் கொளுத்தாமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். அதிலுள்ள பூச்சிகளே இப்பறவைகளின் உணவு. பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் மாற்றுங்கள். மாடி வீட்டில் வசிப்போர் பூங்காவின் புதரோரம் கால்மணி நேரம் அமர்ந்தாலும் போதும். பிள்ளைகளையும் உடன் அமர்த்தி, எத்தனை வந்தன என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்த வீட்டாரையும் அழையுங்கள்.