வம்ச அட்டவணையும் ஒரு பிள்ளையின் கேள்வியும்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தேவாலயத்தில் வாசிக்கப்படும் வேதப்பகுதிகளுள், எவரும் விரும்பி வாசிக்க முன்வராத பகுதி ஒன்று உண்டு. மத்தேயு நற்செய்தியின் முதல் பதினேழு வசனங்கள்தாம் அவை. ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பு வரையில், இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பெயர்களாகவே அடுக்கிச் செல்லும் பகுதி அது. ஞாயிறு பள்ளி மாணவனிடம் வாசிக்கக் கொடுத்தால் 'சலாத்தியேல், சொரொபாபேல்' என்னுமிடத்தில் நா தடுமாறும். பின்வரிசையில் சிரிப்பொலி எழும். பெரியவர்களோ அதனைக் கடந்து, மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் வரும் காட்சிக்கு விரைந்துவிடுவர்.

ஆனால், மேசியா எக்குலத்தில் தோன்றுவார், எவ்வூரில் பிறப்பார் என்று பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் உரைத்தவை யாவும் வந்து சேரும் இடம் இந்த வறண்ட பட்டியல்தான். பல ஆண்டுகளாக வார நாள்களில் தமிழ்ப்பள்ளியிலும் ஞாயிறு தோறும் சபைப் பிள்ளைகளிடமும் பாடம் சொல்லி வருகின்றவள் என்ற முறையில், இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதைப் பற்றிச் சில கருத்துகளை ஆசிரிய நண்பர்களிடமும் பெற்றோரிடமும் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்போம். ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தில், மரணத் தறுவாயிலிருக்கும் யாக்கோபு தம் பன்னிரு மைந்தரையும் அழைத்துப் பேசும்போது, செங்கோல் யூதாவின் குலத்தைவிட்டு நீங்காது என்கிறார். பின்னர், 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில், நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசரிடம் அவருடைய சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று அறிவிக்கின்றார். தாவீதின் காலம் ஏறத்தாழ கி.மு. 1000. ஆனால் நடந்தது என்ன? கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். தாவீதின் வழிவந்த அரசர் எவரும் அதன்பின் அங்கு அரியணை ஏறவில்லை. என்றென்றைக்கும் என்று சொல்லப்பட்ட அரியணை வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமைதான் மேசியாவைப் பற்றிய ஏக்கத்தை வளர்த்தது. 'மேசியா' என்றால் எண்ணெயால் அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். அக்காலத்தில் அரசர்களை அபிஷேகம் செய்து அமர்த்துவது வழக்கம்.

ஏசாயா 11ஆம் அதிகாரம் இதனை ஓர் உருவகமாகச் சொல்கிறது. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டை. அதிலிருந்து ஒரு துளிர். மரம் என்பது தாவீதின் தந்தையாகிய ஈசாயின் குடும்பம். அங்குள்ள 'கிளை' என்னும் பொருள் தரும் எபிரேயச் சொல் 'நேட்சேர்'. இயேசு நாசரேயர் எனப்படுவார் என்று தீர்க்கதரிசிகள் உரைத்ததாக மத்தேயு எழுதுகின்றார். பழைய ஏற்பாட்டில் அப்படியொரு வசனத்தைத் தேடினால் கிடைக்காது. 'நேட்சேர்' என்ற சொல்லின் ஒலியைத்தான் மத்தேயு நினைத்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து. சிலேடையை இரசித்துப் பழகிய நமக்கு இது புரியாத செய்தியன்று.

இந்த எதிர்பார்ப்பைக் கிறிஸ்தவர்கள் பின்னாளில் கற்பித்துக்கொண்டார்கள் என்று கூறுவாரும் உளர். 1947ஆம் ஆண்டு முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த தோற்சுருள்கள் அதற்கு விடை கூறுகின்றன. அவற்றுள் ஏசாயா நூலின் முழுச் சுருள் ஒன்று, ஏழு மீட்டருக்கும் அதிக நீளமுடையது, இயேசுவின் பிறப்புக்கு நூறாண்டுகளுக்கும் முன்னர் எழுதப்பட்டது. மற்றொரு சுருள், நாத்தான் தாவீதுக்குச் சொன்ன வாக்கை எடுத்துக்கொண்டு, அது கடைசி நாள்களில் எழும்பும் 'தாவீதின் கிளை'யைக் குறிக்கும் என விளக்குகின்றது. எழுதியவர்கள் யூதர்கள். ஆக, தாவீதின் குலத்தில் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை இயேசுவுக்கு முன்பே உயிரோடு இருந்தது. அவர்தாம் இவர் என்பதே கிறிஸ்தவரின் அறிக்கை. அதை யூதர்கள் ஏற்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

இனி, அட்டவணைக்கு வருவோம்.

மத்தேயு தம் பட்டியலைப் பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றார். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. நம் முன்னோர் க என்பதை 1 என்றும் உ என்பதை 2 என்றும் வழங்கியதைப் போல. 'தாவீது' என்னும் பெயரின் மூன்று எபிரேய எழுத்துகளைக் கூட்டினால் 4 + 6 + 4 = 14. பட்டியலே தாவீதின் பெயரை மும்முறை உச்சரிக்கிறது எனலாம். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர். அதே பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, அதில் பதின்மூன்று பெயர்கள்தாம் உள்ளன என்றும் சொல்வர். எண்ணட்டும். இரண்டாம் கட்டத்தில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று அரசர்களின் பெயர்கள் அடுத்தடுத்து விடப்பட்டுள்ளன என்பதையும் நாளாகமத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கட்டும். பதிவுத் துறையில் கிடைக்கும் பத்திரத்தைப் போல இதைப் படிக்கக் கூடாது என்பதை அவர்களாகவே உணர்ந்துகொள்வர்.

இதைவிட முக்கியமானது, பட்டியலில் வரும் பெண்கள். ஆண்களின் பெயர்களை மட்டுமே சொல்லிச் செல்லக்கூடிய இடத்தில், மரியாளுக்கு முன் நான்கு பெண்களை மத்தேயு குறிப்பிடுகின்றார். சாராளோ ரெபெக்காளோ ராகேலோ அங்கில்லை. தாமார் இருக்கின்றார், மாமனாராகிய யூதா தமக்குரிய நியாயத்தைச் செய்யாமற்போகவே, முகத்தை மூடிக்கொண்டு வழியோரம் அமர்ந்து அவராலேயே கருவுற்றவர். ராகாப் இருக்கின்றார், எரிகோ பட்டணத்து விலைமாது. ரூத் இருக்கின்றார், மோவாப் நாட்டவர். மோவாபியர் கர்த்தருடைய சபைக்குள் வரலாகாது என்று உபாகமம் 23 விதித்திருக்க, அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேரன்தான் தாவீது அரசர். நான்காமவரை மத்தேயு பெயர் சொல்லியும் அழைக்கவில்லை, உரியாவின் மனைவி என்றே குறிக்கின்றார். பத்சேபாள் என்று எழுதியிருந்தால் தாவீதின் குற்றம் சற்று மறைந்திருக்கும். தாவீது கொலை செய்வித்த கணவனின் பெயரை, தாவீதின் பெருமைக்கென எழுதப்பட்ட பட்டியலிலேயே பதித்து வைத்திருக்கிறார் அந்த ஆசிரியர். குலப்பெருமை பாடும் நோக்கம் மட்டும் இருந்திருந்தால், எவரும் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "டீச்சர், யோசேப்பு இயேசுவுக்குச் சொந்த அப்பா இல்லன்னா, எதுக்கு அவரோட தாத்தா பேரெல்லாம் எழுதி வெச்சிருக்காங்க?"

வகுப்பு அமைதியானது. அவளைக் கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தவர்கள்தாம் அவளுடைய பெற்றோர் என்பது சபையில் எல்லாரும் அறிந்ததே, அவளும் அறிவாள். கேள்வி யோசேப்பைப் பற்றியது மட்டுமன்று என்பது எனக்குப் புரிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் புரிந்திருக்கும்.

அன்று அவளுக்குச் சொன்ன விடையை இங்கு எழுதுகிறேன். மத்தேயு பட்டியலை முடித்தவுடன் சொல்லும் கதையே அக்கேள்விக்கான பதில்தான். மரியாளைத் தள்ளிவிட நினைத்த யோசேப்பிடம், கனவில் தோன்றிய தூதன் இரண்டு காரியங்களைக் கட்டளையிடுகிறான். அவளைச் சேர்த்துக்கொள், பிள்ளைக்கு நீ பெயரிடு. முதலாம் அதிகாரத்தின் இறுதி வசனத்தில் யோசேப்பு பெயரிடுகின்றார். அந்தச் சமூகத்தில் ஓர் ஆண் ஒரு குழந்தைக்குப் பெயரிட்டுத் தன் மகனென ஏற்றுக்கொண்டால், அது மகன்தான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலிலும், ஒருவன் ஒரு பிள்ளையைத் தன் மகன் என்று அறிவித்தால் அவன் சொல்லை ஏற்க வேண்டும் என்ற விதி உள்ளது. தாவீதின் வம்சம் இயேசுவிடம் வந்து சேர்ந்தது இரத்தத்தின் வழியாக அன்று, யோசேப்பு வாய் திறந்து சொன்ன பெயரின் வழியாக. ஆயிரம் ஆண்டு வாக்குறுதி அந்த ஏழைத் தச்சனின் ஒரு சொல்லில் தங்கியிருந்தது என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. தன் நோட்டுப் புத்தகத்தில் பட்டியலின் கடைசி மூன்று பெயர்களையும் எழுதிக்கொண்டாள்.

பிள்ளை எடுத்து வளர்ப்பது நம் நாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. தோட்டப்புறங்களில் சீனக் குழந்தைகளை எடுத்து, தமிழ்ப் பெயரிட்டு, தமிழராகவே வளர்த்த குடும்பங்கள் பல. தந்தையின் விவரம் இல்லாத பிறப்புப் பத்திரத்தோடு முதலாம் ஆண்டில் வந்து சேரும் பிள்ளைகளையும் ஆசிரியர்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் முன்னிலையில் இந்த அட்டவணையைத் தாண்டிச் செல்வது அவர்களுக்குரிய ஒன்றை மறைப்பதாகும்.

லூக்காவும் ஓர் அட்டவணை தருகின்றார். அது தாவீதிலிருந்து சாலொமோன் வழி செல்லாமல், தாவீதின் மற்றொரு மகனாகிய நாத்தான் வழி செல்கிறது. யோசேப்பின் தந்தை மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. லூக்கா தருவது மரியாளின் வழி என்று பலர் போதிக்கின்றனர். ஆனால் அப்பட்டியலில் மரியாளின் பெயர் இல்லை. யாக்கோபும் ஏலியும் ஒருதாய் மக்கள், ஒருவர் பிள்ளையின்றி இறக்க மற்றவர் அவருக்காகச் சந்ததி எழுப்பினார் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியு ஆப்பிரிக்கானு என்பவர் விளக்கம் எழுதினார். எதுவும் முடிந்த முடிபன்று. பதினைந்து வயதில் இணையத்தில் இந்த முரண்பாட்டைக் கண்டு, 'டீச்சர் இதை நம்மிடம் மறைத்துவிட்டார்' என்று பிள்ளை எண்ணுவதைவிட, பத்து வயதில் என் வகுப்பிலேயே காண்பது மேல்.

எகொனியாவின் கதையும் அப்படிப்பட்டதே. யூதாவின் இந்த அரசனைப் பிள்ளையற்றவன் என எழுதுங்கள், இவன் சந்ததியில் எவனும் தாவீதின் அரியணையில் அமரமாட்டான் என்று எரேமியா 22ஆம் அதிகாரம் கூறுகிறது. மத்தேயுவின் பட்டியல் அதே எகொனியாவின் வழியாகத்தான் வருகிறது. கி.மு. 597இல் அவன் பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டான். பாபிலோன் அகழாய்வில் கிடைத்து, 1939இல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகளில், யூதா நாட்டு அரசனுக்கும் அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கும் அளந்து கொடுக்கப்பட்ட எண்ணெயின் கணக்கு இருக்கிறது. பிள்ளையற்றவன் எனச் சபிக்கப்பட்டவனின் பிள்ளைகளுக்குப் பகைவனின் கிடங்கிலிருந்து எண்ணெய்! அவனுடைய பேரன் சொரொபாபேலைக் கர்த்தர் முத்திரை மோதிரமாக வைத்துக்கொள்வார் என்று பின்னர் ஆகாய் தீர்க்கதரிசி உரைக்கின்றார். எரேமியாவோ எகொனியாவைக் கழற்றி எறியப்படும் முத்திரை மோதிரம் என்றிருந்தார். கழற்றிய மோதிரம் மீண்டும் விரலுக்கு வருகிறது.

பிறப்பைப் பற்றிய தீர்க்கதரிசனங்களுள் பெரிதும் விவாதிக்கப்படுவது ஏசாயா 7:14. கி.மு. 735 அளவில், சீரிய அரசனும் இஸ்ரவேல் அரசனும் கூட்டுச் சேர்ந்து எருசலேமைத் தாக்க வந்தபோது, அஞ்சி நடுங்கிய ஆகாஸ் அரசனுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் அது. ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள். அப்பிள்ளை நன்மை தீமை அறியுமுன்னரே அவ்விரு பகையரசரின் நாடுகளும் பாழாகும். கி.மு. 732இல் தமஸ்கு அசீரியரிடம் வீழ்ந்தது. அப்படியாயின் அந்த வாக்கு ஆகாசின் காலத்துக்கும் உரியதே.

அங்குள்ள எபிரேயச் சொல் 'அல்மா'. இளம்பெண் என்று பொருள். இயேசுவுக்கு முன்பே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், கன்னியைக் குறிக்கும் 'பார்த்தெனோஸ்' என்ற சொல்லை இட்டனர். மத்தேயு கையாண்டது அதைத்தான். இரண்டாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவராகிய யுஸ்தீன், டிரிஃபோ என்னும் யூதரோடு இச்சொல்லைப் பற்றி வாதிட்டதாக எழுதி வைத்துள்ளார். தமிழாசிரியர்களுக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று நாம் பருவத்தால் பெண்ணுக்குப் பெயரிட்டோம். 'அல்மா' அத்தகைய பருவப்பெயர். 'கன்னி' என்பதோ நிலையைக் குறிப்பது. மடந்தை கன்னியாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சொல்லன்று.

எனவேதான், தீர்க்கதரிசனங்களைத் தேர்வு விடைத்தாளைப் போல நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பீட்டர் ஸ்டோனர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1958இல் வெளியிட்ட நூலொன்றில், எட்டுத் தீர்க்கதரிசனங்கள் தற்செயலாக ஒருவரிடம் நிறைவேறும் வாய்ப்பு 1இன் பின்னே 17 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒன்று எனக் கணக்கிட்டார். அக்கணக்கு இன்றும் ஞாயிறு பள்ளிக் கையேடுகளில் வலம் வருகிறது. பிள்ளைகள் வியந்து வாய் பிளப்பர், உண்மைதான். ஆனால் ஆகாசின் அச்சமும் ரூத்தின் பசியும் அந்தப் பதினேழு சுழியங்களுக்குள் காணாமற்போய்விடுகின்றன.

ஊரைப் பற்றிய மீகா 5ஆம் அதிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். எருசலேமுக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள சிற்றூர் பெத்லகேம். 'அப்பத்தின் வீடு' என்பது அதன் பொருள். ரூத் கதிர் பொறுக்கிய வயலும், தாவீது ஆடு மேய்த்த இடமும் அவ்வூரைச் சேர்ந்தவை. யூதாவின் ஊர்களில் மிகச் சிறியதான அங்கிருந்து இஸ்ரவேலை ஆள்பவர் வருவார் என்கிறார் மீகா. மத்தேயுவும் லூக்காவும் இயேசு அங்குப் பிறந்தார் என்று விரிவாக எழுதுகின்றனர். யோவான் மட்டும் வேறு வழியில் செல்கின்றார். அவருடைய நூலின் ஏழாம் அதிகாரத்தில் சிலர் எழுந்து, இவர் கலிலேயர் அல்லவா, மேசியா தாவீதின் சந்ததியில் பெத்லகேமிலிருந்து வர வேண்டுமே என்று மறுப்புத் தெரிவிக்கின்றனர். யோவான் அவர்களுக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. அவரைக் குறித்து மக்களிடையே பிரிவினை உண்டாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றார்.